தேங்காய்க்கு இரண்டு காது

அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு கை தட்டுவார். ஆளைக் கூப்பிடுவதற்காக இல்லை. நடுவீட்டில் நின்று ஒரே ஒரு தட்டு. பிறகு தலையை இடப்பக்கமாகத் திருப்பி, வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். நாலடி தள்ளிப் போய் இன்னொரு தட்டு. அதற்குள் யாராவது காப்பியை நீட்டினால், அந்த இரண்டாவது தட்டு அடங்கிய பிறகுதான் கையில் வாங்குவார். எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்த அன்று, ஏதோ கிறுக்கு உள்ளே வந்துவிட்டது என்று நான் அடுக்களையிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடி வந்தேன். அவர் அகப்பையைக் கண்டு அசரவில்லை. வீட்டில் சாமான் கூடிப்போச்சு, சத்தம் கால் நீட்டிப் படுக்க இடமில்லை என்று எனக்குக் குறை சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் பாதி கழிந்திருந்த சமயம். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் மைக் செட் வைத்திருந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் இவர். தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக்காரர். இளவயதில் கொழும்புக்குப் போய் ஒரு கிராமபோன் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கோட்டாறில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாதா கோவில் திருநாள், அம்மன் கோவில் கொடைவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மாட்டுவண்டியில் ஒலிபெருக்கிக் குழாயும் மோட்டார் பேட்டரியும் ஏற்றிக்கொண்டு போவார். பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஊருக்கு அவர் மைக்குக்காரர். எனக்கு அண்ணாச்சி.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வில்லுப்பாட்டுத்தான் பிழைப்பு. என் கூடப்பிறந்த அண்ணன் வில்லின் வலப்பக்கம் உட்கார்ந்து கதையைச் சொல்லிப் பாடுவான். அவன்தான் குழுவுக்குத் தலைவன். நான் இடப்பக்கம் உட்கார்ந்து அவன் விட்ட அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடி, நடுநடுவே "ஆமா" போடுகிறவள். பெண்பிள்ளை வில்லில் உட்காருவதா என்று தொடக்கத்தில் வாய்ப்பேச்சு நிறையக் கேட்டது. பாட்டு நன்றாக இருந்ததால் நாளாவட்டத்தில் அடங்கிப்போனது. மலை நடந்து வந்தது என்று அண்ணன் சொன்னாலும் ஆமா, ஆறு வழிவிட்டு நின்றது என்றாலும் ஆமா. பன்னிரண்டு வருஷம் இதே வேலை பார்த்தால் வீட்டிலும் வாய் அப்படியே பழகிவிடும் என்று நினைக்காதீர்கள். வில்லைவிட்டு எழுந்த பிறகு நான் யாருக்கும் லேசில் ஆமா சொன்னவள் இல்லை. அண்ணனிடம் கேட்டால் நிறையச் சொல்லுவான்.

மைக்குக்காரருக்கு நான் வேண்டியவளாகிப் போனதே அதனால்தான். எங்கள் பாட்டுக்கு அவர் முதலில் மைக் வைத்த கொடை முடிந்ததும், எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகப் போய் விசாரித்தார். அமர்க்களம் என்றார்கள். ஏழு ஊருக்குக் கேட்டிருக்கும் என்றார்கள். என்னிடம் கேட்டபோது, அண்ணன் தகர டின்னுக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது என்றேன். அண்ணன் முறைத்தான். மைக்குக்காரருக்கோ வாயெல்லாம் பல். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, கொழும்பிலிருந்து வந்த பிறகு ஒரு ஆளாவது உள்ளதைச் சொல்லிற்றே என்று அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலையில்தான் அந்தக் கைதட்டலோடு வீட்டுக்கு வந்து நின்றார்.

அவருக்கு இடது காது கேட்காது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருநாளில் கதினா வெடிக்குப் பக்கத்தில் நின்று போன காது அது. இதை அவர் மறைக்கவும் மாட்டார், சொல்லி அழவும் மாட்டார். வண்டியில் ஏறினால் எல்லாரும் தன் வலப்பக்கம் வரும்படி இடத்து ஓரமாகப் பார்த்து உட்காருவார். தெருவில் யாராவது கூப்பிட்டால் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஆளைக் கண்டுபிடிப்பார். கோட்டாறு சந்தையில் சில வேலையற்றதுகள் வேண்டுமென்றே ஒளிந்து நின்று கூப்பிட்டு அவரைச் சுற்றவிட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவர் எல்லாரையும் ஒரு காரியம் செய்யச் சொல்லுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணனும் செய்தான், எங்கள் குழுவில் குடம் அடிப்பவரும் செய்தார், நானும் செய்தேன். நூல் ஊசிக்கு முன்னால் போகும், இல்லை பின்னால் போகும், காதுக்குள் மட்டும் போகாது. நாங்கள் திணறுவதைப் பார்த்து, எனக்கு எந்நேரமும் இப்படித்தான் இருக்கும் என்பார். ஆள் பேசுவது கேட்கும், பேசுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்பது கேட்காது. உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் வலது காதில் வந்து விழும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு எங்கள் வில்லைக் கண்டதும் ஒரு ஆசை பிறந்துவிட்டது. வலத்தில் ஒருத்தன், இடத்தில் ஒருத்தி. பாட்டு அங்கேயும் இங்கேயும் போய் வந்து கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற சனம் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது என்று அவருக்கு விளங்கியது. ஒரு மைக்கில் பிடித்தால் இரண்டு பேரும் ஒரே குழாய் வழியாக வருகிறார்கள். அப்படிக் கேட்டால் ரெண்டு காது உள்ளவனும் என்னைப் போல ஆகிவிடுகிறான், அது அநியாயம் இல்லையா என்று கேட்டார். இரண்டு மைக் வைத்து, இரண்டையும் தனித்தனியாகக் கிராமபோன் தட்டில் பதிந்து, தனித்தனிக் குழாய் வழியாக ஒரே நேரத்தில் விட்டால் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு வில்லே முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் நடுவீட்டில் உட்காரவே இல்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு இடத்தில் நான் குறுக்கிட்டேன். இவ்வளவும் செய்து முடித்தாலும் உங்களுக்குக் கேட்காதே அண்ணாச்சி என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறவில்லை.

"எனக்குக் கேக்காது மக்கா. உனக்குக் கேக்கும்லா? நீ கேட்டுச் சொல்லு. ஆனா வில்லுல போடுக ஆமா எனக்கு வேண்டாம். வாயை மூடிக்கிட்டு, சத்தம் எங்க இருக்கோ அங்க விரலைக் காட்டு. எனக்க மேல உள்ள பிரியத்துல வாய் பொய் சொல்லிரும். விரல் சொல்லாது."

கொழும்பிலிருந்து வரும்போது, பேசுவதையும் பாடுவதையும் தட்டில் பதிகிற இயந்திரம் ஒன்று கொண்டு வந்திருந்தார். மெழுகுத் தட்டு இல்லை, அலுமினியத் தட்டு. பளபளவென்று முகம் பார்க்கலாம். அதைக் கிராமபோனில் போடும்போது இரும்பு ஊசி போட்டால் தட்டு செத்தது. அதனால் சப்பாத்திக்கள்ளி முள்ளைப் பறித்து வந்து நுனியைச் சீவி ஊசிக்குப் பதிலாகச் செருகுவார். அவர் சட்டைப்பையில் கை விட்டால் யாருக்கும் முள் குத்தும். சலவைக்காரர் அவர் சட்டையை வாங்கும்போதே உதறிப் பார்த்துத்தான் வாங்குவார்.

பழைய கிராமபோன் ஒன்றைப் பிரித்து அதே மாதிரி இன்னொரு இயந்திரம் கட்டினார். எங்கள் வீட்டில் வைத்து அண்ணன் பாட்டை ஒன்றிலும் என் பாட்டை மற்றதிலும் பதிந்தார். இரண்டு கிராமபோனை எனக்கு இரண்டு பக்கமும் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் ஒன்றாகத் திருப்பிவிட்டார். முதல் நாலு எண்ணும் வரைக்கும் சரியாக இருந்தது. பிறகு ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்னாலேயே நான் ஆமா போடுகிறேன். அவன் கேள்வி கேட்கும்போது என் பதில் முடிந்து நான் அடுத்த அடிக்குப் போய்விட்டேன். குடம் அடிப்பவர் சிரிப்புத் தாங்காமல் முற்றத்துக்கு ஓடிவிட்டார். நான் சொல்லுமுன்ன இவ ஆமாங்கியாளே, வீட்டுலயும் வில்லுலயும் இவ சட்டந்தானா என்று அண்ணன் குதித்தான். என் விரல் எங்கே காட்டுவது என்று தெரியாமல் மூக்குக்கு நேரே நின்றது. மைக்குக்காரர் அந்த விரலை மட்டும் பார்த்தார். இரண்டு தட்டையும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் ஆளைக் காணோம். கடைசியில் ஒரு பகல் பொழுதில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அன்றைக்குக் கைதட்டக்கூட மறந்துவிட்டார். சுசீந்திரத்துப் பக்கம் வண்டியில் வரும்போது ஒரே வயலில் முன்னும் பின்னுமாக இரண்டு ஏர் போவதைப் பார்த்தாராம். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். இரண்டு தட்டு எதற்கு? ஒரே தட்டில் இரண்டு முள். ஒரு மைக்கின் சத்தம் தட்டின் வெளிப்பாதியில் உழட்டும், மற்ற மைக்கின் சத்தம் உள்பாதியில் உழட்டும். தட்டு ஒன்று என்றால் முந்துவது ஏது, பிந்துவது ஏது? எனக்கு இயந்திரம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல என் கை காலெல்லாம் பரபரத்தது. அடுக்களையில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரே ஒரு சங்கடம். பதியாத தட்டு அவரிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கொழும்புக் கடைக்குக் கடிதம் எழுதினால், அந்தத் தட்டு இப்போது வருவதே இல்லை என்று பதில் வந்திருந்தது. வீட்டில் பதிந்தால் போதாதா என்று அண்ணன் கேட்டான். போதாது என்றார். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தான் இருப்பீர்கள். கொடையில் சனம் இருக்கும், மேளம் இருக்கும், பிள்ளை அழும், சாமி ஆடும், அதெல்லாம் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றார். அவர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் சொன்ன இடத்திலிருந்து ஒரு அங்குலம் நகர மாட்டார்.

அஞ்சுகிராமத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் கோவில் கொடைக்கு எங்களைச் சொல்லியிருந்தார்கள். மத்தியானக் கொடையில் பதிவது என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின பத்து நாளும் அவர் செய்த கூத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மைக்குக்கும் நடுவில் தலை வேண்டும் என்றார். காதுக்கும் காதுக்கும் நடுவில் தலை இருப்பதால்தான் இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தக் காதுக்குக் குறைந்து போகிறதாம். பூசணிக்காயை வைத்துப் பார்த்தார். மண்கலயத்தை வைத்துப் பார்த்தார், அது தானாகவே முனகியது. உரிக்காமல் தும்பு நாரோடு தேங்காய் வைத்தார், தும்பு சத்தத்தைக் குடித்தது. கடைசியில் உரித்த தேங்காய் சரிப்பட்டது. என் இரண்டு காதுக்கும் நடுவில் நூல் பிடித்து அளந்துகொண்டு, வடசேரிச் சந்தையில் ஒவ்வொரு தேங்காயாக அந்த நூலை வைத்துப் பார்த்து வாங்கினார். தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களைத்தான் வியாபாரி பார்த்திருக்கிறார். அளவு நூலோடு வந்தவரைப் பார்த்ததும் கல்யாணக் காரியமா என்று கேட்டாராம்.

கொடை நாளில் நாங்கள் போய் இறங்கியதும் அவர் பந்தலுக்குள் நாலு இடத்தில் கைதட்டி, வில்லுக்கு முன்னால் ஏழு அடியில் ஒரு மூங்கில் கம்பை நட்டார். அதன் உச்சியில் தேங்காய். தேங்காய்க்கு இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக். சனம் கூடிவிட்டது. ஊர்த்தலைவர் வந்து, குழாய் எங்கே, சத்தம் எங்கே என்று கேட்டார். இது சத்தம் போடுகிற மைக் இல்லை, சத்தம் கேட்கிற மைக் என்று இவர் விளக்கினார். கொடைக்கு மைக் கொண்டு வந்துவிட்டு வெளியே கேட்காமல் வைப்பவனை ஊர்த்தலைவர் இதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

அண்ணனும் அன்றைக்கு மல்லுக்கு நின்றான். மைக் இருந்த கம்பைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்தான். "வேய், பாடுகது நானு. இவ ஆமா போடுகவ. ரெண்டையும் எனக்க வாய்கிட்ட கொண்டாரும்" என்றான்.

"இது வாய் இல்ல ஓய், காது" என்றார் மைக்குக்காரர். கம்பைப் பழைய குழியில் திரும்ப நட்டார். அண்ணன் இன்னும் ஒரு தரம் இழுத்தான். அவர் இன்னும் ஒரு தரம் நட்டார். மூன்றாவது தரம் இழுக்க அண்ணனுக்கே வெட்கமாகிவிட்டது.

அப்புறம் நடந்ததற்கு நான்தான் காரணம். வில்லில் முதல் அடி விழுவதற்கு முன்னால் வில்லுக்கும் குடத்துக்கும் உடுக்குக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அன்று எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அந்தத் தேங்காய் இரண்டு காதோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. இதுவும் இன்றைக்கு நம் குழுவில் ஒரு ஆள்தானே என்று எழுந்து போய் அதற்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மிச்சமிருந்த பிச்சிப்பூவைக் கம்பில் சுற்றினேன். மைக்குக்காரர் பேட்டரியோடு குனிந்து கிடந்தார், பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு அதில் தப்புத் தெரிந்திருக்காது, மாதா கோவில் ஆள்தானே. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டில் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. அதனால் அம்மனைச் சாமியாடி மேல் வரவழைக்கிற வரத்துப் பாட்டு உச்சத்துக்கு வரும்போது தொடங்குவது என்று பேச்சு. பதிவதைக் கேட்க அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் ஒரு பக்கம்தான் அவருக்கு உதவும். மற்றது சும்மா தொங்கியது. அண்ணன் குரல் ஏறியது, நான் வாங்கினேன். குடம் அதிர்ந்தது. சாமியாடிக்கு உடம்பு முறுக்கத் தொடங்கியதும் மைக்குக்காரர் துண்டைத் தூக்கிக் காட்டிவிட்டு இரண்டு முள்ளையும் தட்டில் இறக்கினார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அப்படி ஆமா போட்டதில்லை. என் ஆமா எனக்கே புதிதாகக் கேட்டது.

சாமியாடி சலங்கை குலுங்க அண்ணன் பக்கத்திலிருந்து ஆடிக்கொண்டே வந்தார். வில்லுக்கு முன்னால் குறுக்கே கடந்து என் பக்கம் வந்தார். சனம் குலவை போட்டது. திரும்பியவர் கண்ணில் அந்தக் கம்பு பட்டுவிட்டது. அம்மனுக்கு முன்னால் சந்தனம் குங்குமம் பூவோடு ஒரு உரித்த தேங்காய் நின்றால் அது எதற்கு? விடலை போட்டு உடைக்கத்தான். சாமிக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரே பிடுங்கு. மைக் இரண்டும் இரண்டு பக்கம் சாய்ந்து வயரில் தொங்க, தேங்காய் தலைக்கு மேலே உயர்ந்து, நடுப்பந்தலில் இருந்த கல்லில் சிதறியது. ஒரு சில்லு வந்து என் மடியில் விழுந்தது. பாட்டை நிறுத்த முடியுமா? சாமி வந்து ஆடும்போது வில்லு நிற்கக்கூடாது. என் வாய் பாடிக்கொண்டிருக்க, கண் மட்டும் அவரையே பார்த்தது. அவர் இயந்திரத்தின் பக்கத்தில் இரண்டு கையையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் வழக்கமான ஓரத்தைப் பார்க்காமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். போனால் போகிறது என்று அண்ணன்கூட இதமாக ஏதோ சொன்னான். பொட்டு வைத்த விரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது. கோட்டாறில் இறங்கும்போது, போட்டுப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். தேங்காய் போன பிறகு என்னத்தைப் போட்டுப் பார்க்க, முள் துள்ளித் தட்டு முழுக்கக் கீறியிருக்கும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் காது இருக்கிறது, கேட்டுச் சொல்லு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நாளைக் காலையில் வராவிட்டால் நானே வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று சத்தம் போட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நடுவீட்டிலிருந்து, அசைக்க முடியாத நெல் குலுக்கையைத் தவிர எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தள்ளினேன். அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து ஒரு தட்டுத் தட்டினார். தலையைத் திருப்பிக் கேட்டார். "இப்பம் கொள்ளாம், சத்தம் கால் நீட்ட இடம் இருக்கு" என்றார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

கிராமபோனுக்கு முள் தாங்குகிற கை இரண்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கையிலிருந்தும் ரப்பர்க் குழாய் போய், ஒன்று என் இடப்பக்கக் குழாயிலும் மற்றது வலப்பக்கக் குழாயிலும் சேர்ந்தது. தட்டு நிற்கும்போதே கள்ளிமுள் இரண்டையும் தொடங்கிய கோட்டில் வைத்தார். நான் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். தட்டு சுற்றத் தொடங்கியது.

முதலில் மழை பெய்வது போல இரைச்சல். அதற்குள்ளிருந்து பந்தல் வந்தது. நான் பொய் சொல்லவில்லை, பந்தலே வந்தது. இங்கே ஒரு பிள்ளை சிணுங்குகிறது, அங்கே யாரோ இருமுகிறார்கள். அண்ணன் பாடினான், என் இடப்பக்கம். விரலைக் காட்டிய பிறகுதான், அவன் வலத்தில் உட்காருகிறவன் ஆயிற்றே என்று இடித்தது. அடுத்தது நான். என் விரல் தானாக இடப்பக்கத்துக்கே போகப் பார்த்தது. நான் இடத்தில் உட்கார்கிறவள், வேறு எங்கே இருப்பேன்? ஆனால் என் சத்தம் வலப்பக்கத்தில் கேட்டது. சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம். ஐயோ, மனுஷன் பாடுபட்டுச் செய்தது தலைகீழாகப் போச்சே என்று நினைத்தேன். இடத்தைக் காட்டினால் அவர் மனசு குளிரும். விரல் ஒரு கணம் நடுவில் நின்று ஆடியது. பிறகு உள்ளபடிக்கு வலப்பக்கம் காட்டினேன்.

அப்போது சலங்கை வந்தது. இடப்பக்கத்தில் தொடங்கி, ஜல் ஜல்லென்று என் முகத்துக்கு முன்னாலேயே நடந்தது. என் விரலும் அதன் பின்னாலேயே போனது. இடத்திலிருந்து மெல்ல மெல்ல மூக்குக்கு நேராக, அங்கிருந்து வலத்துக்கு, திரும்பவும் நடுவுக்கு. என் எதிரே வந்து நின்றது. படார்! முக்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். அதன் பிறகு வெறும் கீறல்.

கண்கட்டை அவிழ்த்தேன். அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தது.

"அண்ணாச்சி, ஒரு தப்பு இருக்கு" என்றேன். "நான் வலத்துல கேக்கேன்."

"தப்பு இல்ல மக்கா. தேங்காய் உங்களைப் பாத்துல்லா நின்னுது. அதுக்கு நீ வலம்தான். நீ என்னைக்காவது உனக்க வில்லுக்கு முன்னால உக்காந்து கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷம் பாடியும், கேட்கிறவர்களுக்கு நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று யோசித்தது கூட இல்லை. இதை அவர் முன்னாலேயே என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவருடைய பரீட்சை.

அண்ணன் உட்கார்ந்தான். அவன் விரலும் என் விரல் போன வழியே போய் வந்தது. எழுந்ததும் என் பக்கம் திரும்பினான். "ஏட்டி, நீ நல்லாத்தான் பாடுக" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தது அதுதான் முதல் தரம். குடம் அடிப்பவர் உட்கார்ந்தார். அவருக்கும் அதே வழி. ஒவ்வொரு தரமும் மைக்குக்காரர் புது முள் செருகிவிட்டு விரலுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். மூன்று விரலும் ஒரே மாதிரி நடந்ததைப் பார்த்த பிறகும் அவருக்குப் போதவில்லை. போதாதது எது என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் உட்காருங்கள் என்றேன். எனக்கு எதற்கு என்று சிரித்தார். உட்காருங்கள் என்று அதட்டினேன். உட்கார்ந்தார். கண்ணை மூடச் சொன்னேன், மூடினார். தட்டை அண்ணன் சுற்றவிட்டான். சலங்கை வரும் நேரத்துக்கு நான் அவர் பின்னால் போய் நின்று அவர் வலதுகை விரலைப் பிடித்தேன். ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை, அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை. இடப்பக்கக் கோடியில் அந்த விரலைக் கொண்டுபோய் வைத்தேன். சலங்கை நடந்தது. விரலும் நடந்தது. முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் அவர் கை நீண்டுகொண்டே போயிற்று. திரும்பி நடுவுக்கு வந்தது. தேங்காய் உடைந்தபோது அவர் கை என் கைக்குள் துள்ளியது.

தட்டு நின்ற பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"இவ்வளவு அகலமாவா மக்கா இருக்கும்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.